செட் என்றால் கரணை, செட் என்றால் பிஞ்சு

அன்புள்ள ஐயா,

நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் கரும்பும் முந்திரியும் வைத்திருக்கும் விவசாயிகளுக்காக ஆங்கிலக் கையேடுகளைத் தமிழாக்கிக் கொடுத்துவருகிறேன். ‘செட்’ என்ற ஒரு சொல் என்னைப் படாதபாடு படுத்துகிறது. ஒரே கையேட்டில் ‘டூ பட்டட் செட்ஸ்’ வருகிறது, ‘ஃப்ரூட் செட்’ வருகிறது, ‘பம்ப் செட்’ வருகிறது. கான்கிரீட் ‘செட்’ ஆவதும் வருகிறது. கணினியில் போட்டால் எல்லாவற்றுக்கும் ‘அமைப்பு’, ‘தொகுப்பு’ என்றே கொடுக்கிறது. எல்லா இடத்துக்கும் பொருந்துகிற நல்ல தமிழ்ச்சொல் ஒன்று உண்டா?

வாசகர் ஒருவர், நெல்லிக்குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரு சொல் இல்லை. 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவே இந்தச் சொல்லுக்குத்தான். அதை ஒரே தமிழ்ச்சொல்லில் அடைக்கப் பார்த்தால் நட்டம் விவசாயிக்கு. அதற்கு உங்கள் முதல் எடுத்துக்காட்டே போதும்.

‘டூ பட்டட் செட்ஸ்’ என்பது இருபருக் கரணை, அதாவது நடுவதற்காக இரண்டு பருவோடு வெட்டிய கரும்புத் துண்டு. உங்கள் ஊரில் கரும்பு நடுகிற எவரையும் கேளுங்கள், ‘கரணை’ என்றுதான் சொல்வார்கள். ‘பட்’ என்பதற்கு ‘மொட்டு’ என்று போட்டுவிடாதீர்கள். மொட்டு மலர்வது, பரு முளைப்பது. கரும்பின் கணுவில் புடைத்து ஒட்டிக்கொண்டிருப்பது பரு. ஏக்கருக்கு 30,000 இருபருக் கரணை வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. இதை ‘30,000 செட்’ என்று அப்படியே விட்டால் என்ன ஆகும்? தமிழில் செட் என்றால் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தது. ஒருவர் ஜோடி என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் கட்டு என்று எடுத்துக்கொள்வார். விதைக்கரும்புக் கணக்கு அங்கேயே தப்பிப்போகும்.

கரணையைப் பற்றிய மற்ற வரிகளையும் இதே கவனத்தோடு பாருங்கள். 6 முதல் 8 மாத வயதுள்ள விதைக்கரும்பில் வெட்டியதாக இருக்க வேண்டும். வெட்டுவாய் பிளக்கக் கூடாது. சாலில் வைக்கும்போது பருக்கள் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பரு கரணைக்கு அடிப்பக்கம் போனால் முளைப்பு தாமதமாகும். பிளந்த வெட்டுவாய் வழியாகப் பூஞ்சணம் புகுந்தால் வருவது ‘செட் ராட்’, அதாவது கரணை அழுகல். அழுகிய கரணையைப் பிளந்து முகர்ந்தால் பழுத்த அன்னாசி வாசனை அடிக்கும். அதனால் ஆங்கிலத்தில் இதற்கு ‘பைனாப்பிள் டிசீஸ்’ என்றும் பெயர் உண்டு. அதை ‘அன்னாசி நோய்’ என்று மட்டும் எழுதினால், கரும்பு வைத்திருப்பவர் தனக்குச் சம்பந்தமில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

இந்தச் செட்டைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. ஆங்கிலத்தில் பெரும்பாலும் கடைசியில் இரண்டு ‘டி’ போட்டு எழுதுவார்கள். நட்டு வைப்பதற்காக வெட்டிய துண்டு என்பது பொருள். அடிச்சொல் வினைதான். ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்காரவை. நமக்கு இரு – இருத்து, நட – நடத்து என்று இருப்பதுபோல அவர்களுக்கு இது. கூட்டம், தொகுதி என்று பொருள்படும் ‘செட்’ வேறு வழியாக வந்தது. லத்தீனில் பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த ‘செக்டா’, பழைய ஃபிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பிற்பாடு இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே ஒலியில் கலந்துவிட்டன. ஆக, உங்கள் முன்னால் இருப்பது ஒரு சொல்லின் பல பொருள்கள் மட்டுமல்ல, இரண்டு சொற்கள். (புதுச்சேரியில் ஃபிரெஞ்சு படித்தவர் காதில் மூன்றாவதும் விழும்: ‘செத்’ என்றால் ஏழு.)

முந்திரிக்கு வருகிறேன். ‘ஃப்ரூட் செட்’ என்றால் பிஞ்சு பிடித்தல், காய்ப்பிடிப்பு. ‘பழ அமைப்பு’ என்று எழுதியதைப் படித்தால் பழத்தின் வடிவத்தைச் சொல்கிறார்கள் என்றே தோன்றும். தேயிலைக் கொசு பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சினால் பூ கருகும், காய்ப்பிடிப்பு குறையும். பிடித்த பிஞ்சு பிறகு கொட்டுவது வேறு, அது பிஞ்சு உதிர்தல். ஆங்கிலத்தில் ‘செட்’, ‘டிராப்’ என்று இரண்டாகச் சொல்வதைத் தமிழில் ஒன்றாக்கிவிடாதீர்கள். மருந்து அடிக்கும் நேரம் இரண்டுக்கும் ஒன்றல்ல.

இந்தப் ‘பிடி’ என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் செய்யாமல் தானாக நிகழும் ‘செட்’டுக்கு இது பல இடங்களில் உட்காரும். பிஞ்சு பிடிக்கிறது, நாற்று வேர் பிடிக்கிறது. ஐப்பசியில் கடலூரில் ‘மான்சூன் செட் இன்’ என்றால் மழை பிடித்துக்கொண்டது. யாரோ ஒருவர் ஒன்றைச் செய்யும் ‘செட்’டுக்கு முதலில் ‘வை’யைப் போட்டுப் பாருங்கள். தீ வைத்தான், எலிக்குப் பொறி வைத்தான், அலாரம் வைத்தான், விலை வைத்தான். முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும். மிச்சத்தைத் தொழில் அறிந்தவர்கள் ஏற்கெனவே பார்த்துவைத்திருக்கிறார்கள். ஆசாரி கல் பதிக்கிறார், அச்சகத்தில் அச்சுக் கோத்தார்கள், கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறோம், சாப்பாட்டுக்கு இலை போடுகிறோம். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே ‘செட்’. நம்மிடம் தனித்தனி வினை இருக்கும்போது எல்லாவற்றையும் ஏன் ‘அமை’யில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்?

கான்கிரீட் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அங்கே ‘செட்’ என்றால் இறுகுதல். ‘ஹார்டன்’ என்றால் வலுப்பெறுதல். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு இந்தியத் தர அளவுப்படி முதல் இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன் தொடங்கக் கூடாது, இறுதி இறுக்கம் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 10 மணி நேரத்துக்குள் இறுகிவிடும். விரல் வைத்தால் பதியாது, ‘செட்டாயிடுச்சு’ என்பார் கொத்தனார். ஆனால் வலு அப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கும். அதைச் சோதித்துப் பார்ப்பது 28ஆம் நாள். ‘செட்’ என்ற இடத்தில் ‘வலுப்பெற்றதும்’ என்று நீங்கள் எழுதினால், மறுநாளே அது வலுப்பெற்றுவிட்டது என்று நினைத்து ஒருவர் அந்தக் கான்கிரீட் மேடையில் பம்பு மோட்டாரை ஏற்றிவிடுவார். அதிர்வில் போல்ட்டைச் சுற்றி வெடிப்பு விழும். ‘இறுகியதும்’ என்று எழுதுங்கள், எத்தனை நாள் கழித்து மோட்டாரை ஏற்றலாம் என்று மூலத்தில் இருந்தால் அதைத் தனி வாக்கியமாகப் போடுங்கள்.

பம்புசெட்டு பம்புசெட்டாகவே இருக்கட்டும். அரசாங்கக் கடிதங்களிலேயே அப்படித்தான் வருகிறது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பேச்சில் ‘ஷெட்’டும் செட்டு ஆகிவிடுகிறது: மாட்டுச் செட்டு, கார் செட்டு. ‘மோட்டார் செட்டைப் பூட்டி வைக்கவும்’ என்றால் பூட்டுவது எதை? கட்டடத்தைச் சொல்வதானால் மோட்டார் கொட்டகை என்று எழுதிவிடுங்கள்.

கணக்குப் பாடத்து ‘செட்’டுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் கணம், இலங்கைப் பாடநூலில் தொடை. இரண்டும் நல்ல சொற்கள், உங்கள் கையேட்டுக்கு இரண்டும் தேவைப்படாது. ‘செட் அசைட்’ தேவைப்படலாம். மானியப் பணத்தை ‘செட் அசைட்’ செய்தால் ஒதுக்கிவைத்தார்கள். நில வழக்கில் நீதிமன்றம் ஒரு உத்தரவை ‘செட் அசைட்’ செய்தால் ரத்து செய்தது. ‘உத்தரவை ஒதுக்கிவைத்தது’ என்று எழுதினால், வழக்கு இன்னும் நடப்பதாகவே விவசாயி நினைப்பார்.

ஏற்கெனவே முடித்த கையேடுகளுக்கு ஒரு வழி. கோப்பைத் திறந்து ‘அமை’ என்று தேடுங்கள். சொட்டுநீர்க் குழாய் அமைத்தல், பந்தல் அமைத்தல் போன்றவை சரி, விட்டுவிடுங்கள். மற்ற ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இது யாராவது செய்ததா, தானாக நடந்ததா, இல்லை பொருளின் பெயரா என்று கேளுங்கள். கரும்புப் பகுதியை மட்டும், அச்சுக்குக் கொடுக்கும் முன், கரணை வெட்டுகிற ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் ‘என்னது?’ என்று கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.