கன்ஃபர்ம் பெட்டிக்குப் பதிலாக டயலாக் உறுப்பு

இணையப் பக்கத்தில் ஒரு கோப்பை நீக்கும் முன் "உறுதியா?" என்று கேட்க பிரவுசர் காட்டும் கன்ஃபர்ம் பெட்டியின் தோற்றத்தை மாற்ற முடியாததால், ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பயனர்களுக்கும் இடையூறில்லாத மாற்று எது என்பது கேள்வி.

டிவ் என்ற பொதுவான உறுப்பால் பெட்டி கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எச்டிஎம்எல்லின் டயலாக் உறுப்பு 2022 மார்ச்சிலிருந்து குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இயங்குகிறது. அதை ஷோமோடல் முறையால் திறந்தால் பின்னாலுள்ள பக்கம் தானாகவே செயலற்றுப் போகும், எஸ்கேப் விசை பெட்டியை மூடும், மூடியதும் ஃபோகஸ் (விசைப்பலகை அப்போது இயக்கும் இடம்) முன்பிருந்த பொத்தானுக்கே திரும்பும். (வெறும் ஷோ முறையில் திறந்தால் பக்கம் செயலற்றுப் போகாது, பலர் சறுக்குவது இங்கேதான்.)

தலைப்பை ஏரியா-லேபிள்டுபை (உறுப்பின் பெயர் எங்கே உள்ளது என்று காட்டும் பண்பு) வழியாகப் பெட்டியுடன் இணைத்தால், "கோப்பை நீக்கவா?" என்று ஸ்கிரீன் ரீடர் படித்துக் காட்டும். பெட்டி திறந்ததும் ஃபோகஸ் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் ஆட்டோஃபோகஸை "வேண்டாம்" பொத்தானில் வையுங்கள். அவசரத்தில் என்டர் தட்டுபவரின் கோப்பு தப்பிக்கும்.

கன்ஃபர்ம், விடை வரும்வரை ஸ்கிரிப்டையே நிறுத்தி வைக்கும். டயலாக் அப்படி நிறுத்தாது. ஆகவே நீக்கும் கட்டளையை அடுத்த வரியில் எழுதாமல், பெட்டி மூடியதும் எழும் குளோஸ் நிகழ்வுக்குள், பயனரின் விடையைத் தாங்கும் ரிட்டர்ன்வேல்யூவைச் சோதித்த பின்பே இயக்க வேண்டும். எஸ்கேப்பால் மூடும்போது அந்த மதிப்பு மாறாது. சென்ற முறை "ஆம்" என்றிருந்தால் அதுவே நீடிக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் திறப்பதற்கு முன் அதைக் காலியாக்கிவிடுங்கள்.