கொசுவர்த்தி ஏற்றியும் பகலில் கொசு கடிக்கிறதே, என்ன செய்வது?

கடலூரில் தரைத்தள வீடு, பட்டப்பகலிலேயே காலைக் கடிக்கிறது, வெளியே உட்காரவும் முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பகலில் கடிப்பது பெரும்பாலும் ஏடிஸ், டெங்கு பரப்பும் கொசு. அது சாக்கடையைத் தேடாது, நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அதனால் முதலில் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை இழுத்துப் பார்த்தால், அரை அங்குலத் தண்ணீரில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன!

முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே டிரம், தொட்டி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை காலி செய்து உள்சுவரை நார் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும், வெறுமனே கவிழ்த்தால் போதாது, ஏனென்றால் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், அப்புறம் ஐப்பசி மழையில் தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும்.

இரவில் கடிப்பது பெரும்பாலும் சாக்கடைக் கொசு. அதற்கு ஜன்னல் வலையும் கொசுவலையும்தான். சாயங்காலம் சில்வர் பீச் போவதானால் டீட் அல்லது பிக்காரிடின் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த கிரீம் தடவிக்கொள்ளுங்கள். வாசலில் உட்காருவதென்றால் டேபிள் ஃபேனைக் கால் பக்கமாகத் திருப்பி வையுங்கள், அந்தக் காற்றில் கொசுவால் நிலையாகப் பறக்க முடியாது. கைக்குழந்தை இருக்கும் அறையில் மட்டும் எந்தப் புகையும் வேண்டாம், வேப்பிலைப் புகையானாலும் சரி.