சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கியிருக்கிறேன். சென்ற மாதம் எனக்கு இன்ஃபுளுயன்சா காய்ச்சல் வந்தது. ஆறு நாட்கள் காய்ச்சல், அதன்பின் எழுந்து நடக்க முடியாத சோர்வு என்று பத்து நாட்கள் படுத்துக் கிடந்தேன். உடம்பு தேறிவிட்டது, மனம்தான் தேறவில்லை.

என் அறைத்தோழியும் நானும் ஒன்றரை ஆண்டுகளாக ஒரே அறையில் இருக்கிறோம். அவளுக்குத் தலைவலி என்றால் விளக்கை அணைத்துவிட்டு நான் வராந்தாவில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். எனக்கு இன்ஃபுளுயன்சா என்று மருத்துவர் சொன்ன அன்றே அவள் தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். அதற்கு முந்தைய இரவு நான் முனகிக்கொண்டிருந்தபோது விளக்கைப் போட்டு, "என்ன செய்கிறது?" என்று கேட்டாள். "ஒன்றுமில்லை, நீ படு" என்றேன். உடனே படுத்துவிட்டாள். நான்காம் நாள் காலையில் தன்னுடைய ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி என் கட்டிலருகே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வகுப்புக்குப் போனாள். கடமைக்குச் செய்வது என்பது இதுதானே?

வகுப்பு நண்பர்கள் "சீக்கிரம் குணமாகு" என்று செய்தி அனுப்பியதோடு சரி. விடுதிக் காப்பாளர் மருத்துவச் சான்றிதழ் கேட்டாரே தவிர, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. வீட்டில் நான் சொல்லவில்லை. இந்தக் கல்லூரிதான் வேண்டும், தனியாக இருந்துகொள்வேன் என்று அம்மாவோடு சண்டையிட்டு வந்தவள் நான். ஆகவே தினமும் இரவு அவர் அழைப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, இருமல் வரும்போது மைக்கை அணைத்துவிட்டு, எப்போதும்போலப் பேசினேன். பத்து நாட்களும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சிறு வயதில், நான் பள்ளி விட்டு வந்து வாசற்படி ஏறும்போதே முகத்தைப் பார்த்து "உடம்பு சுடுகிறதா?" என்று கேட்டவர் அவர். அது கிடக்கட்டும், அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

என்னை வாட்டுவது தோழியின் நடத்தைதான். இப்போது எதுவும் நடக்காததுபோல் வந்து பேசுகிறாள். வருகைப் பதிவைக் குறைத்த பேராசிரியர் மீதும் கோபமாக இருக்கிறது. காய்ச்சல் விட்டு மூன்று வாரங்கள் ஆகியும் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. நான் இப்படியொரு நிலையில் கிடந்ததை ஒருவர்கூட உணரவில்லை என்ற எண்ணமே திரும்பத் திரும்ப வருகிறது. அறையை மாற்றிக்கொள்ளலாமா?

— ஒரு மாணவி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தோழியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள்; காப்பாளரும் பேராசிரியரும் வந்து போகிறார்கள். ஆனால் "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தள்ளிவிட்ட இடத்தில்தான் என் கண் நின்றுவிட்டது. பெரிதுபடுத்தாத ஒன்றை, வாசற்படி வரைக்கும் விவரித்து யாரும் எழுதுவதில்லை.

அம்மாவுக்குத் தெரியவில்லை என்பது உண்மை. அது வலித்தது என்பதும் உண்மை. அந்த வலி அற்பமானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரையின் வேலை தொடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, காய்ச்சல் தணிந்திருக்கும் அந்தச் சிறு பொழுதை மட்டும் அவருக்குக் கொடுத்து, இருமலை அவர் காதுக்கு எட்டாமல் மறைத்து, பத்து இரவுகள் தவறாமல் நடித்திருக்கிறீர்கள். அப்படிச் செய்துகொண்டே, அந்த நடிப்பை மீறி அவர் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் காத்திருந்திருக்கிறீர்கள். தேர்வு நடப்பதே தெரியாத ஒருவரைத் தேர்வில் தோற்றுவிட்டார் என்று முடிவு கட்டுவது நியாயமா? இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் அம்மாவின் பக்கம்தான் நிற்கிறேன்.

சிறு வயதில் அவர் கண்டுபிடித்தது மந்திரத்தால் அல்ல. கண்ணில் இருந்த அசதியைப் பார்த்தார், நெற்றியில் கை வைத்தார், தட்டில் மிச்சம் வைத்ததைக் கவனித்தார். கண்ணும் கையும் சேர்ந்து செய்த அந்த வேலையைத் தொலைபேசியில் காது மட்டும் தனியாகச் செய்துவிட முடியாது, அதுவும் நீங்கள் அந்தக் காதையும் ஏமாற்றும்போது. அவருடைய அன்பு குறையவில்லை. நீங்கள் அவர் பார்வை எட்டாத தூரத்துக்கு, உங்கள் விருப்பப்படியே, வந்திருக்கிறீர்கள். வளர்வதில் இருக்கும் இழப்பு இது. இனி உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும். இதை ஏற்றுக்கொள்வது எவருக்கும் எளிதல்ல; ஐம்பது வயதைக் கடந்தும், கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும் என்று மனைவியிடமோ கணவனிடமோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர்கள் என் அறைக்கு வருவது உண்டு.

நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்பதையும் பார்ப்போம். அம்மா பதறுவார் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சண்டையிட்டு வந்ததை நீங்களே எழுதியிருப்பதால் கேட்கிறேன்: "நான் அப்போதே சொன்னேனே" என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற அச்சமும் இருந்ததல்லவா? காய்ச்சல் வந்தால் தனியாக இருக்கும் தகுதி போய்விட்டது என்று நீங்களாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டீர்கள். நோய்வாய்ப்படுவது தோல்வியல்ல. தனியாக வாழத் தெரிந்தவர், உடம்பு முடியாதபோது யாரை எழுப்புவது என்று தெரிந்து வைத்திருப்பவர்.

தோழிக்கு வருகிறேன். இரவில் முனகலைக் கேட்டு எழுந்து விளக்கைப் போட்டவள் அவள். "ஒன்றுமில்லை, நீ படு" என்றீர்கள்; அவள் உங்கள் சொல்லை நம்பினாள். அவள் பக்கத்து அறைக்குப் போனது உங்களைக் கைவிட்டதாகத் தோன்றியிருக்கிறது. ஆனால் இன்ஃபுளுயன்சா இருமலிலும் தும்மலிலும் பரவும் நோய். அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளிலிருந்து, நோய் கண்ட பின் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை அடுத்தவருக்குத் தொற்றக்கூடியது என்பதால், மருத்துவரைக் கேட்டிருந்தால் அவரும் அவளைத் தள்ளிப் படுக்கத்தான் சொல்லியிருப்பார். அப்படித் தள்ளிப் போனவள் நான்காம் நாள் திரும்பி வந்து வெந்நீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பேசாமல் வைத்தாள் என்பது உங்கள் குறை. அந்த நேரத்தில் உங்கள் முகம் அவளைப் பேச விடும்படி இருந்ததா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

இதில் முழுப் பழியும் உங்களுடையதல்ல, காய்ச்சலுக்கும் பங்கு உண்டு. நோயுற்ற விலங்குகள் இரை எடுக்காமல், கூட்டத்தை விட்டு ஒதுங்கிச் சுருண்டு கிடப்பது வெறும் பலவீனமல்ல, தொற்றோடு போராட உடல் தன் ஆற்றலைச் சேமிக்கும் வழி என்று கால்நடை அறிவியலாளர் பெஞ்சமின் ஹார்ட் 1988-இல் விளக்கினார். நோய் எதிர்ப்பு மண்டலம் வெளிவிடும் சைட்டோகைன்கள் என்னும் வேதிப்பொருட்கள் மூளைக்கும் செய்தி சொல்கின்றன. உறக்கமும் சோர்வும் மட்டுமன்றி, எதிலும் நாட்டமின்மையும் தனிமை உணர்வும் அதனால் மிகும். மறுபுறம், நோயும் களைப்பும் அச்சமும் வரும்போது குழந்தை தாயின் அருகாமையைத் தேடுவதை மனநல மருத்துவர் ஜான் பௌல்பி விரிவாக எழுதியிருக்கிறார். பெரியவர்களுக்கும் அந்தத் தேட்டம் முற்றாக விட்டுப் போவதில்லை. ஆக, "எல்லாரும் போங்கள்" என்றும் "ஒருவராவது வர மாட்டாரா" என்றும் மனம் ஒரே நேரத்தில் சொல்கிறது. நீங்கள் முதல் வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னீர்கள், இரண்டாவதை உள்ளே வைத்துக்கொண்டீர்கள். காய்ச்சலில் அது மன்னிக்கத்தக்கது. அந்தப் பத்து நாட்களின் தீர்ப்பை மூன்று வாரங்களுக்குப் பிறகும் உறுதி செய்துகொண்டிருப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

இன்ஃபுளுயன்சாவின் அசதி சில வாரங்கள் நீடிப்பது உண்டு. மனச்சோர்வு இன்னும் இரண்டு வாரங்களுக்குக் குறையாவிட்டால் நேரில் ஒரு மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். இன்னொன்று, இதில் நான் கண்டிப்பானவள்: குரலைச் சரி செய்வதற்காக மாத்திரை போடும் பழக்கம் வேண்டாம். நீங்கள் விழுங்கியது பாராசிட்டமாலாக இருந்தால், பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதுவே உச்ச அளவு. அதைத் தாண்டினால் கல்லீரலுக்குக் கேடு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருப்பதால் கணக்கு எளிதில் தவறும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பம், விட்ட காய்ச்சல் மீண்டும் கடுமையாகத் திரும்புவது ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். அந்த நிலையில் ஒருவர் உங்கள் நடிப்பை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வருகைப் பதிவுக்குச் சான்றிதழோடு எழுத்தில் விண்ணப்பியுங்கள். அது அலுவல் விஷயம், மனத்தில் சுமக்க வேண்டியதல்ல. அறை மாற்றுவதைப் பற்றி, தோழியிடம் "அன்று ஒன்றுமில்லை என்று சொன்னது பொய்" என்று சொன்ன பிறகு முடிவெடுங்கள்.

அம்மாவிடமும் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி, மாத்திரையையும் மைக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். "உங்களுக்குத் தெரியும் என்று எதிர்பார்த்தேன்" என்பதையும் விட்டுவிடாதீர்கள்; சொல்லக் கடினமாக இருக்கப்போவது அதுதான். அவர் கோபப்படுவார், ஒருவேளை அழுவார், நீங்கள் அஞ்சிய அந்த வாக்கியத்தையும் சொல்லிவிடலாம். சொல்லட்டும், குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு, அந்தப் பத்து நாட்களும் அவர் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.