குடிக்காதவருக்குக் கணைய வீக்கம் வருமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பல வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). மருந்து தீர்ந்தாலும் சீக்கிரம் போய் எடுக்க மாட்டார். போன மாதம் மேல்வயிற்றில் வலி வந்து முதுகு வரை பிடித்துக்கொண்டது. கேஸ்ட்ரிக் என்று நினைத்து மாத்திரையும் ஓமத்தண்ணீரும் கொடுத்தேன். வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கணைய வீக்கம், டிரைகிளிசரைடு 24 என்றார்கள். அவர் குடிப்பதே இல்லை. அக்கம்பக்கத்தில் நம்ப மறுக்கிறார்கள்.
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, ஊர் வாயை விடுங்கள். கணைய வீக்கத்துக்குப் பித்தப்பைக் கல்லும் குடியும் பெரிய காரணங்கள்தான். அவற்றுக்கு அடுத்தபடியாக வருவது டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு. அது லிட்டருக்கு 1.7 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். 10-ஐத் தாண்டினாலே கணையத்துக்கு ஆபத்து. அவருக்கு 24!

இந்த அளவில் ரத்தத்தைக் குழாயில் எடுத்து வைத்தால், மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டிய இடத்தில் பால் ஊற்றியதுபோல் வெள்ளையாக நிற்கும். என் கிளினிக்கில் அப்படிக் கண்டால் குழாயை நோயாளி கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். அதற்குப் பிறகு மருந்தைத் தவறவிடுகிறவர்கள் குறைவு.

ரத்தத்தில் ஓடும் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் நொதிக்கு இன்சுலின் துணை வேண்டும். இன்சுலின் குறைந்தால் கொழுப்பு தேங்கும். கல்லீரலும் மேலும் மேலும் அனுப்பும். கணையத்தில் அது உடைந்து வரும் அமிலம் கணையத்தையே புண்ணாக்குகிறது. மருந்தில்லாமல் அவர் ஓட்டிய நாட்களுக்கு இதில் பெரிய பங்கு இருக்கும்.

எண்ணெயை மட்டும் குறைத்தால் போதாது. சீனியும் டிரைகிளிசரைடை ஏற்றும். லாரியை நிறுத்தும் இடமெல்லாம் கெட்டிப்பால் தே தாரே, சிராப் பண்டோங் என்று குடிப்பவராக இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். மது இனியும் ஒரு சொட்டுகூட வேண்டாம். இந்தக் கொழுப்பைக் குறைக்க ஃபெனோஃபைப்ரேட் போன்ற மாத்திரை கொடுத்திருந்தால், வலி போய்விட்டதென்று நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்தக் கொழுப்பு பரம்பரையாகவும் வரும் என்பதால் அவருடைய கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை ரத்தம் சோதித்துக்கொள்ளட்டும்.

இது திரும்ப வரக்கூடியது. மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து வாந்தியும் சேர்ந்தால், ஓமத்தண்ணீர் வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ‘இனிப்பு நீர், முன்பே கணைய வீக்கம், டிரைகிளிசரைடு 24’ என்று அவருடைய கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி லாரியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.