கோலின் மாத்திரை கல்லீரல் கொழுப்பைக் கரைக்குமா?

கேள்வி: எனக்குக் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது, கோலின் அடங்கிய லெசித்தின் அல்லது கோலின் மாத்திரை எடுத்தால் கரையும் என்கிறார்கள். ஆனால் மூளைக்கட்டிக்குச் சிகிச்சை பெறும் என் அண்ணனின் ஸ்கேன் அறிக்கையில் ‘கோலின் அதிகம்’ என்று உள்ளது. நான் மாத்திரை எடுக்கலாமா? அவர் உணவில் கோலினைக் குறைக்க வேண்டுமா?

பதில்: கோலின் என்பது உணவிலிருந்து கிடைக்கும் ஓர் ஊட்டப்பொருள். இரண்டு கேள்விகளுக்கும் விடை, அதைக் கையாளும் நொதிகளிடம் (என்சைம்களிடம்) இருக்கிறது.

செல் சவ்வுகளில் மிகுதியாக உள்ள பாஸ்பாடிடைல்கோலின் என்ற கொழுப்புப்பொருள், கோலினிலிருந்து மூன்று படிகளில் உருவாவதை யூஜீன் கென்னடி 1950களில் விளக்கினார். இரண்டாம் படியை நடத்தும் சி.சி.டி. என்ற நொதியே பெரும்பாலும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சவ்வில் பாஸ்பாடிடைல்கோலின் குறைந்து மூலக்கூறுகளின் நெருக்கம் தளர்ந்ததும், அதுவரை செயலற்றிருந்த இந்நொதி தன் ஒரு பகுதியைச் சுருளாக்கி அந்த இடுக்கில் செருகிக்கொண்டு இயங்கத் தொடங்குகிறது. குறை தீர்ந்ததும் விலகிக்கொள்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராத ஏற்பாடு இது.

கல்லீரல் தன் கொழுப்பை வி.எல்.டி.எல். துகள்களாக்கி ரத்தத்துக்கு அனுப்ப, அவற்றின் மேலுறைக்கு பாஸ்பாடிடைல்கோலின் வேண்டும். போதாவிட்டால் கொழுப்பு அங்கேயே தேங்கும். கல்லீரலுக்கு வேண்டிய பாஸ்பாடிடைல்கோலினில் ஏறத்தாழ 30 சதவீதத்தை, உணவுக் கோலின் இல்லாமலே, பெம்ட் என்ற வேறொரு நொதி தருகிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அதைத் தூண்டுவதால், அது குறைந்துவிடும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உணவுவழிக் கோலின் கூடுதலாகத் தேவைப்படலாம். நாளொன்றுக்கு ஆண்களுக்கு 550, பெண்களுக்கு 425 மில்லிகிராம் என்பது 1998இல் அமெரிக்க நிபுணர் குழு வகுத்த அளவு.

அந்த அளவு உணவிலேயே கிடைத்தால் மாத்திரை வேண்டாம் என்பதே என் கருத்து. பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்புச் சேர்வது உடல் எடையாலும் இன்சுலின் எதிர்ப்பாலும் மதுவாலும்தான். எடை கூடியவர் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கிடைக்கும் பலனை மாத்திரை தராது. மிகுதியான கோலினைக் குடல் பாக்டீரியாக்கள் ட்ரைமெதிலமீனாக மாற்ற, கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ. என்ற சேர்மமாக ஆக்குகிறது, ரத்தத்தில் அது கூடியவர்களிடம் இதயநோய் அதிகம் காணப்படுகிறது.

உங்கள் அண்ணனின் அறிக்கையில் உள்ளது வேறு செய்தி. பல புற்றுக்கட்டிகளில் ராஸ், பி.ஐ.3 கைனேஸ் போன்ற வளர்ச்சிச் சமிக்ஞைகள் ஓயாமல் இயங்கி, முதற்படி நொதியான கோலின் கைனேஸை முடுக்கிவிடுகின்றன. செல்கள் வேகமாகப் பெருகிப் புதுச் சவ்வு கட்டும்போது பாஸ்போகோலின் முதலிய கோலின் சேர்மங்கள் சேர, ஸ்கேன் வரைபடத்தில் கோலினைக் காட்டும் முகடு உயர்கிறது. அதை உயர்த்தியது கட்டியின் நொதி வேகம். ஆகவே அந்த அறிக்கைக்காக அவர் உணவில் கோலினைக் குறைக்க வேண்டியதில்லை. சிகிச்சைக் காலத்தில் அவருக்குப் போதிய ஊட்டம் மிகவும் அவசியம். உணவில் எந்த மாற்றத்தையும் அவருடைய மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.