நெப்போலியனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் ஸ்வீடன் ராணியானது உண்மையா?

உண்மைதான். அவர் பெயர் டெசிரே கிளாரி. 1777-ல் பிரான்சின் மார்செய் நகரில் ஒரு பட்டு வியாபாரியின் மகளாகப் பிறந்தவர். அவருடைய அக்கா ஜூலி 1794-ல் நெப்போலியனின் அண்ணன் ஜோசப்பை மணந்தார். அடுத்த ஆண்டு டெசிரேவுக்கும் நெப்போலியனுக்கும் நிச்சயமானது. ஆனால் நெப்போலியன் 1796-ல் ஜோசஃபினை மணந்துகொண்டார். டெசிரே 1798-ல் தளபதி பெர்னடாட்டுக்கு வாழ்க்கைப்பட்டார்.

சரி, ஸ்வீடன் எங்கே வந்தது? அந்நாட்டு அரசருக்கு வாரிசு இல்லாததால், 1810-ல் பெர்னடாட்டைப் பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். கடுங்குளிரில் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்த டெசிரேவுக்கு அந்தக் குளிரும் ஒத்துவரவில்லை, அரண்மனைச் சம்பிரதாயங்களும் ஒத்துவரவில்லை. 1811-ல் மகன் ஆஸ்காரை விட்டுவிட்டு பாரிசுக்கே திரும்பினார். இதைப் பொறுப்பில்லாத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரச வாழ்க்கையை அவராகத் தேடிப் போகவில்லையே!

1818-ல் கணவர் அரசரான பிறகும் அவர் பாரிசில்தான் இருந்தார். 1823-ல் ஆஸ்காரின் மணமகளோடு ஸ்வீடன் திரும்பினார். அந்த மணமகள் யார் தெரியுமா? ஜோசஃபினின் பேத்தி! அப்புறம் 1829-ல் முடிசூட்டிக்கொண்டு, 1860-ல் ஸ்டாக்ஹோமிலேயே காலமானார். இன்றைய ஸ்வீடன் அரச குடும்பம் அவருடைய வழிவந்ததுதான்.