தேடவிட வேண்டியது எது, சொல்லிக் கொடுக்க வேண்டியது எது?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. 3, 4, 5 வகுப்புகள் மூன்றும் என் அறையில்தான், மொத்தம் 23 பிள்ளைகள். ‘விடையைச் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்’ என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். முயன்று பார்த்தேன். நாலு பேர் பதில் சொல்கிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு உயிர்மெய் எழுத்துகளே தடுமாற்றம். பெற்றோர் வந்து ‘இன்னும் வாய்ப்பாடு தெரியலையே’ என்று கேட்கிறார்கள். தமிழுக்கும் கணக்குக்கும் இந்த முறை சரிப்படுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சரிப்படும் டீச்சர். ஆனால் எல்லாவற்றுக்கும் சரிப்படாது. எதற்குச் சரிப்படும், எதற்குச் சரிப்படாது என்று பிரித்துச் சொல்லாமல் ‘கேள்வி கேளுங்கள்’ என்று மட்டும் பயிற்சியில் சொன்னால், உங்களுக்கு நடந்ததுதான் எல்லா வகுப்பிலும் நடக்கும். எனக்கும் நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘இது என்ன எழுத்தா இருக்கும், யோசிச்சுப் பாருங்க’ என்று ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் யோசிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்று புரிய எனக்குப் பல மாதம் ஆனது.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே அறிவை மூன்று வகையாகப் பிரித்தது இந்த இடத்தில் கைகொடுக்கும். கல்வியாளர் கான்ஸ்டன்ஸ் காமி அதைத் தொடக்கப்பள்ளிக் கணக்குக்கே கொண்டுவந்து விரிவாக எழுதியவர். சில அறிவு ஊர் கூடி வைத்த வழக்கம். ‘க’ என்ற வடிவத்துக்கு அந்த ஒலி என்பதும், ஏழு என்பதை 7 என்று எழுதுவதும் அப்படிப்பட்டவை. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் இவற்றை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, யாராவது சொல்ல வேண்டும். இன்னும் சில, பொருள்களைத் தொட்டும் தூக்கியும் தெரிந்துகொள்பவை. மூன்றாவது வகை, மனதுக்குள் உறவுகளைக் கட்டிப் பெறுவது. ஏழோடு ஐந்தைக் கூட்டினாலும் ஐந்தோடு ஏழைக் கூட்டினாலும் ஒன்றுதான் என்பது எந்தப் பொருளிலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அதைப் பிள்ளை தானாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் நூறு முறை சொன்னாலும், அவள் பார்க்காதவரை அது அவளுடையது ஆகாது.

ஆக, வழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள். உறவையும் ஒழுங்கையும் தேடவிடுங்கள். உங்கள் பாடத்திட்டத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

முதலில் அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்கு இப்போது தேடல் வேண்டாம், எழுத்து வேண்டும். தினமும் 20 நிமிடம், நேரடியாக, ஒளிவுமறைவு இல்லாமல் கற்பியுங்கள். எழுத்தைக் காட்டி ஒலியைச் சொல்லி, சேர்த்துப் படித்து, அதே எழுத்துகளால் ஆன சொற்களை அன்றே வாசிக்கவும் எழுதவும் வையுங்கள். போதிய வழிகாட்டல் இல்லாத தேடல் புதிதாகக் கற்பவருக்கு உதவாது என்று 2006இல் பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அவர்கள் சொல்லும் காரணம் எளியது: ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான். எழுத்தை அடையாளம் காண்பதிலேயே அந்த இடம் நிரம்பிவிட்டால், கதையின் பொருளை யோசிக்க இடம் மிச்சம் இருக்காது. வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிப்பது நமக்குப் புதிதும் அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் தத்தம் வேகத்தில் ஏறிய ஏணிப்படியும் அட்டைகளும் அதற்குத்தான். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளும் அதற்குத்தான். ஐந்தாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளை இருந்தால் அவனையும் கூச்சமில்லாமல் இந்த 20 நிமிடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து ஓரளவு பிடிபட்டதும் தமிழில் தேடுவதற்கு எவ்வளவு இருக்கிறது தெரியுமா! உகர வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகாரத்துக்கு ஒரு கால், அவ்வளவுதான். உகரத்தில் அப்படி ஒரே குறி இல்லை, அதனால்தான் பிள்ளைகள் அங்கே தடுக்கி விழுகிறார்கள். பழைய செய்தித்தாளைக் கொடுத்து உகர எழுத்துகளை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: ‘ஒரே மாதிரி இருக்கிறதை எல்லாம் ஒண்ணாச் சேருங்க.’ சு, பு, யு, வு ஒரு குவியலாகும், நேராகக் கீழே ஒரு கோடு இறங்கும். து, நு, ணு, லு, று, னு இன்னொன்று. டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது. கு எங்கே போகும் என்று நிச்சயம் சண்டை வரும். வரட்டும். அந்தச் சண்டையில் அவர்கள் ‘கு’வை உற்றுப் பார்க்கிற மாதிரி, நாலு பக்கம் எழுதும்போது பார்க்க மாட்டார்கள். (ஙு, ஞு செய்தித்தாளில் கிடைக்காது. ஏன் கிடைக்கவில்லை என்று ஐந்தாம் வகுப்பு கேட்டால் அதுவே அடுத்த தேடல்.) முன்பே சொன்னதுதான்: எழுத்தின் ஒலியை நீங்கள் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். வடிவங்களுக்குள் இருக்கும் ஒழுங்கைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. தொண்டையில் கைவைத்து ‘தம்பி’, ‘பத்து’, ‘பந்து’, ‘பாதை’ என்று சொல்லவையுங்கள். ஒவ்வொன்றிலும் வரும் த-வரிசை எழுத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். சிலவற்றில் அந்த ஒலி வரும்போது தொண்டை அதிரும், சிலவற்றில் அதிராது. எழுத்து ஒன்றுதானே, ஒலி ஏன் மாறுகிறது? பிள்ளைகள் சொற்களைச் சேகரித்துக்கொண்டு வருவார்கள். சொல்லின் முதலிலும், இரட்டித்தாலும் வன்மையாக ஒலிக்கிறது, மெல்லினத்துக்குப் பின்னும் இரண்டு உயிர் ஒலிகளுக்கு இடையிலும் மென்மையாகிறது என்று அவர்களே தம் சொற்களில் சொல்லிவிடுவார்கள். கல், பக்கம், சங்கு, மகன் என்று க-வுக்கும் சோதித்துப் பார்ப்பார்கள். அப்போது ஒருத்தி எழுந்து, ‘பஸ்ல முதல்லயே அதிருதே, பயத்துலயும் அதிருதே’ என்பாள். அருமையான இடம் அது. அவை வெளியிலிருந்து வந்த சொற்கள் என்பதை அவர்கள் கண்டுபிடிக்க முடியாது. அதை நீங்கள் சொல்லுங்கள். இதற்குப் பிறகு ‘பந்து’ என்று எழுதச் சொன்னால் எங்கே மெய் வருகிறது என்று காதைத் தீட்டிக் கேட்பார்கள். சொல்வதெழுதலில் பிழை குறைய ஆரம்பிக்கும்.

இனி, நாலு பேர் மட்டும் பதில் சொல்லும் சிக்கல். கேள்வியை வகுப்பைப் பார்த்துக் கேட்டால் வேகமானவர்கள் மட்டுமே பேசுவார்கள். இதில் பிள்ளைகள் மேல் தவறில்லை, கேட்கும் முறையை மாற்ற வேண்டும். கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மூன்று நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது, சிலேட்டில் எழுதவோ வரையவோ வேண்டும் என்று சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டட்டும். அந்த நேரத்தில் நீங்கள் சுற்றி வந்து யார் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, கை தூக்கியவரைக் கூப்பிடாமல் நீங்களே தேர்ந்தெடுத்துக் கூப்பிடுங்கள். ஒன்று ஒன்றாக எண்ணியவளை முதலில், படம் போட்டவனை அடுத்து, குறுக்கு வழி கண்டவனைக் கடைசியில். இந்த வரிசை முக்கியம். குறுக்கு வழி முதலில் வந்துவிட்டால் மற்றவர்கள் சிலேட்டை அழித்துவிடுவார்கள்.

விடை தப்பாக இருக்கும் சிலேட்டும் மேலே வரட்டும். 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதும் பிள்ளை உங்களிடம் கண்டிப்பாக இருக்கும். எட்டிலிருந்து இரண்டு, ஐந்திலிருந்து மூன்று. சின்னதைப் பெரியதிலிருந்துதான் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அவள் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள். ‘கடன் வாங்கு’ என்று மறுபடி சொல்வதற்கு முன்னால், ‘எப்படி யோசிச்சே?’ என்று கேளுங்கள். ஐந்து ஈர்க்குச்சிக் கட்டும் இரண்டு தனிக் குச்சியும் கையில் கொடுத்து 38 எடுக்கச் சொல்லுங்கள். கட்டைப் பிரிக்காமல் எட்டுக் குச்சி எடுக்க முடியாது என்று அவள் கை அவளுக்குச் சொல்லும். இன்னொரு பிள்ளை கடைக்காரர் சில்லறை கொடுக்கும் விதத்தில், ‘38லிருந்து 40க்கு ரெண்டு, அங்கேயிருந்து 52க்குப் பன்னிரண்டு, மொத்தம் 14’ என்பான். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்புறம், தயவுசெய்து பாடத்தை அங்கேயே விட்டுவிடாதீர்கள். கடைசி ஐந்து நிமிடம் உங்களுடையது. பிள்ளைகள் கண்டதை நீங்கள் தெளிவான வாக்கியமாகச் சொல்லி, நோட்டில் எழுதவைத்து, நாலு கணக்கு பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும். தேடலில் ஆர்வம் உள்ள ஆசிரியர்கள் பலர் கோட்டைவிடுவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான். ‘அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்ற சந்தோஷத்தில் மணி அடித்துவிடுகிறது. வீட்டுக்குப் போன பிள்ளையிடம் அம்மா கேட்டால் ‘விளையாடினோம்’ என்கிறாள். அம்மா உங்களிடம் வருகிறார்.

வாய்ப்பாட்டுக்கு வருவோம். பெற்றோர் கேட்பது நியாயம். வாய்ப்பாடு மனப்பாடமாகத் தெரிந்தே ஆக வேண்டும், நாளைக்கு வகுத்தலும் பின்னமும் அதன் மேல்தான் நிற்கும். ஆனால் மனப்பாடத்துக்கு முன்னால் தேடலுக்கு ஒரு வாரம் கொடுங்கள். ஏழெட்டு மறந்துபோனால் ஐயெட்டு நாற்பதோடு ஈரெட்டுப் பதினாறைச் சேர்த்து ஐம்பத்தாறுக்கு வந்துவிடலாம் என்று கண்டவள், மறந்தாலும் நிற்க மாட்டாள். அதன் பிறகு தினமும் காலையில் ஐந்து நிமிடம் சேர்ந்து சொல்லட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வரும்போது, விளக்கம் சொல்வதைவிட இரண்டு பிள்ளைகளைக் கொண்டு இதைச் செய்து காட்டுங்கள். ஒரு தாய் எழுந்து தன் பெண்ணிடம் இன்னொரு கணக்குக் கேட்பார்.

பாடத்திட்டம் முடியாதே என்ற கவலைக்கு: தினமும் தேடல் வேண்டாம். வாரத்துக்குத் தமிழில் ஒன்று, கணக்கில் ஒன்று, அதுவும் 40 நிமிடத்துக்குள். மூன்று வகுப்புக்கும் ஒரே கேள்வி போதும், அவரவர் எட்டும் தூரம் போவார்கள். மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைப்பது, தனி வகுப்பில் கிடைக்காது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: 23. பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய், ‘எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை வர்ற மாதிரி நில்லுங்க’ என்று சொல்லுங்கள். இரண்டிரண்டாக நிற்பார்கள், ஒருவன் மிஞ்சுவான். மூன்று மூன்றாக நின்றால் இரண்டு பேர். நாலில் மூன்று, ஐந்தில் மூன்று. கொஞ்சம் கொஞ்சமாக எரிச்சல் வரும். ஒரே நீள வரிசையைத் தவிர வேறு வழி இல்லை என்று யாராவது சொல்வார்கள். ‘நிச்சயமா? எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். பிறகு நீங்களும் போய் அவர்களோடு நில்லுங்கள். 24. இரண்டாக, மூன்றாக, நாலாக, ஆறாக, எட்டாக, பன்னிரண்டாக, இத்தனை விதத்திலும் வரிசை சரியாக வரும். ஒரே ஒரு ஆள் சேர்ந்ததில் எப்படி இது மாறியது? உள்ளே வந்து புளியங்கொட்டையை அடுக்கி 10இலிருந்து 30 வரை எந்தெந்த எண் இப்படி அடம்பிடிக்கிறது என்று பார்க்கட்டும். 11, 13, 17, 19, 23, 29 என்று பட்டியல் வந்ததும், இவற்றுக்குப் பகா எண் என்று பெயர் என்று சொல்லுங்கள். பெயர் வழக்கம், அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புக்குப் பெயர் வேண்டாம், அவர்கள் அடுக்கிய கட்டங்களிலிருந்து மூவைந்து, நாலாறு என்று எழுதிக்கொள்ளட்டும்.

என்றைக்காவது ஒரு பிள்ளை வராமல் 22 பேர் இருந்தால் அன்றைக்கும் வரிசை கட்டச் சொல்லிப் பாருங்கள். வருகைப்பதிவு எடுக்கும்போதே, ‘டீச்சர், இன்னைக்கு எத்தனை பேரு?’ என்று கேட்டுவிட்டு நோட்டின் ஓரத்தில் கட்டம் போட ஆரம்பித்திருப்பார்கள்.